ஐந்நூறுக்கு மூன்று குறைவு

அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவே
செருகியிருக்கிறது வெள்ளை அட்டை.
இரண்டு மாதத்துக்கு ஒரு வரி.
இப்போதெல்லாம் கை மெஷினில் ஏற்றிக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விடப் பார்க்கிறார் சிவக்கொழுந்து.
நான் விடுவதில்லை.
"அட்டையிலயும் எழுதிடுங்க" என்று நீட்டுவேன்.
மோரைக் குடித்தபடி எழுதுவார்.
அவருடைய ஒன்றும் ஏழும்
அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரர் கலியபெருமாள்
நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட்.
பழுப்பு நிலக்கரி சுமந்து ஓடும் பெல்ட்டின்
உருளைகளுக்குக் கிரீஸ் வைக்கிறவர்.
செம்மண்டலத்தில் பஸ் இறங்கும்போது மணி ஏழரை,
தெரு முழுக்க வெயில் நிற்கும்.
அப்போதும் வாசல் விளக்கைப் போட்டுத்தான்
செருப்பைக் கழற்றுவார்.
கூடம், குளியலறை, சமையலறை,
அவர் போகிற வழியெல்லாம் வெளிச்சம்.
பின்னாலேயே நான்,
டக், டக், டக்.
"நான் வெட்டிக் குடுக்கறேன்,
நீ அணைச்சிக்கிட்டே வர.
கம்பெனிய மூடிடுவான் பாரு."

பழைய பெட்டி ரெகுலேட்டர்
இரண்டில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும்
ஏறக்குறைய ஒரே அளவுதான் தின்னும் என்று
எனக்குத் தெரியவர ஒன்பது வருஷம் ஆனது.
அந்த ஒன்பது வருஷமும்
வேர்க்க வேர்க்க இரண்டில் வைத்திருந்தேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பகலில் தூங்குகிறவருக்குச் சித்திரை பெரிய தண்டனை.
மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.
கிழக்கு சன்னலில் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன்.
ஏசி இருபத்தாறு. அதற்குக் கீழே இறக்கப் பார்த்தால்
ரிமோட்டில் பேட்டரி காணாமல் போயிருக்கும்.
ஒன்றரை மணி வாக்கில்
எதிர்வீட்டு வேப்பமரம் தலையைத் திருப்பும்.
கடற்காற்று தேவனாம்பட்டினத்தைத் தாண்டிவிட்டது.
ஏசியை அணைத்து, சாக்கை அவிழ்த்து,
சன்னலைத் திறந்துவிட்டு
நுனிக்காலில் வெளியே வந்துவிடுவேன்.
ஐந்து மணிக்கு எழுந்து சோம்பல் முறித்தபடி
"ஏசி நல்லா வேலை செய்யுது" என்பார்.

அந்த வைகாசியில் நானூற்றுத் தொண்ணூற்றேழு.
"மூணு யூனிட்ல தப்பிச்சீங்க,
ஐந்நூறு தாண்டியிருந்தா ரேட்டே வேற."
எந்த மூன்று?
நிறைமதி மூன்று வாரம்
இஸ்திரி போடாமல் உடுத்திய சுடிதாரா,
தினமும் படுக்கும் முன் நான் மூடிய
செட்டாப் பாக்ஸின் சிவப்புக் கண்ணா?
அன்று முழுக்க அதே யோசனை.

ஐப்பசி அடைமழையில் எப்படியும் தோற்றுவிடுவேன்.
காயாத சாக்ஸ், காயாத போர்வை,
மின்விசிறிக்குக் கீழே குறுக்கும் நெடுக்கும் கொடி.
எங்களைவிடத் துணிகளுக்குத்தான் காற்று.

ஒரு மார்கழியில் புயல்.
இருபத்துமூன்று நாள் கரண்ட் இல்லை.
கம்பங்கள் வயலில் குப்புறக் கிடந்தன.
சுரங்கத்து வெள்ளத்தை இறைக்க
முதல் வாரம் அங்கேயே தங்கிவிட்டார் கலியபெருமாள்.
"இங்க லைட்டு எரியுது" என்றார்,
யாருடைய போனிலோ, தப்பு செய்தவர் குரலில்.
கரி அங்கே, கரண்ட் அங்கே,
நடுவில் முப்பது சொச்சம் கிலோமீட்டர் இருட்டு.
மெழுகுவத்தியில் படித்த நிறைமதிக்கு
முன்முடி கொஞ்சம் கருகியது.
தண்ணீர் புகுந்த பிரிட்ஜ் பிறகு எழவேயில்லை.

தையில் வந்து பார்த்தார் சிவக்கொழுந்து.
தொண்ணூற்று நான்கு. நூறுக்குள்.
கட்ட வேண்டிய தொகை: சுழியம்.
"சாதனைதாம்மா" என்று சிரிக்கப் பார்த்து
மோரைக் குனிந்து குடித்தார்.
வருஷக் கணக்குக் கூட்டும்போது
அந்த வரியைத் தாண்டிப் போவேன்.
அது நான் மிச்சம் பிடித்ததில்லை.

கரண்ட் வந்த ராத்திரியைச் சொல்லவில்லையே.
தெருவே ஒரே குரலில் கத்தியது.
அன்று பகல் ஷிப்ட், அப்போதுதான் வந்திருந்தார்,
முழங்கால் வரை சேறு.
ஓடி ஓடி எல்லா சுவிட்சையும் போட்டார்,
கையிலிருந்த டார்ச்சைக்கூட அணைக்கவில்லை.
நான் பின்னால் போகவில்லை.
கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்,
சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோடு,
மூலையில் ஒட்டடை,
அவர் தாடியில் புதிதாக நரை.

பத்து நிமிடம் இருக்கும்.
எழுந்து போய்
குளியலறையிலிருந்து ஆரம்பித்தேன்.